எந்தச் செடியின் காரம்

மரக்கரண்டியை வாயிலிருந்து எடுத்த கிருசீத்தா இருமத் தொடங்கினாள். அடுப்புப் புகை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். மார்கரித்தா தீவுக்கு எரிவாயு சிலிண்டர் வருவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. சந்தின் நடுவில் கல் கூட்டி, விறகு அடுக்கி, அதன்மேல்தான் அந்தப் பெரிய அண்டாவை ஏற்றியிருந்தார்கள். காற்று கடல் பக்கமிருந்து திரும்பும்போதெல்லாம் புகை யாராவது ஒருத்தியின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

ஆனால் கிருசீத்தாவின் இருமல் நிற்கவில்லை. கரண்டியைக் கீழே போட்டாள். நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"காரம்" என்றாள். "அம்மாடி, நெருப்பு! குழம்பு பூரா நெருப்பு!"

"உப்பைச் சொல்றியா?" என்று சோய்லா கேட்டாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி. அண்டாவில் வெந்துகொண்டிருந்தது அவள் வளர்த்த பன்றி.

"உப்புக்கும் காரத்துக்கும் வித்தியாசம் தெரியாமயா இத்தனை வருஷம் சமைச்சேன்? நீயே நக்கிப் பாரு."

சோய்லா விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகு வேறு யாரும் ருசி பார்க்க முன்வரவில்லை.

அது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளின் மதியம். மக்காச்சோள மாவைத் தட்டி, நடுவே இறைச்சிக் குழம்பு வைத்து, வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி அவிக்கும் அயாக்கா இல்லாமல் அந்தத் தீவில் கிறிஸ்துமஸ் கிடையாது. ஆனால் அந்த வருஷம் எந்த வீட்டிலும் தனியாகச் செய்ய வழியில்லை. அதனால் சந்துக்கே ஒரே அண்டா என்று முடிவானது. சோய்லா பன்றியைக் கொடுத்தாள். கிருசீத்தா முட்டையிடுவதை நிறுத்திய கோழிகளைக் கொடுத்தாள். யாரோ ஒளித்து வைத்திருந்த ஆலிவ் வந்தது, இன்னொருத்தி வீட்டிலிருந்து உலர்திராட்சை வந்தது. இனிப்பு மிளகாயை மட்டும் எல்லா வீடுகளிலிருந்தும் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அது ஒன்றுதான் அந்தச் சந்தில் பஞ்சமில்லாத பொருள்.

கசங்கிய குட்டித் தொப்பி மாதிரி இருக்கும் அந்த மிளகாய். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரே செடியில் தொங்கும். பெயர்தான் மிளகாய், காரம் துளியும் கிடையாது. அதன் வாசனைதான் குழம்புக்கு உயிர். தீவுக்காரர்கள் காரம் தின்று பழகாதவர்கள். அந்த மிளகாயை யாரும் கடித்துப் பார்ப்பதும் இல்லை. காம்பை ஒடித்து மூக்கருகே வைத்துப் பார்ப்பார்கள். வாசனை தூக்கலாக இருந்தால் அண்டாவில் போடுவார்கள். அன்று காலையிலும் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

இப்போது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாருடைய கண்களும், சொல்லிவைத்த மாதிரி, இலை துடைத்துக்கொண்டிருந்த நொரைமாவின் மேல் வந்து நின்றன.

நொரைமா துடைத்துக்கொண்டிருந்த இலையைக் கீழே வைத்தாள். அவள் தீவுக்காரி அல்ல. நாட்டின் மறுகோடியில், குளிர் மலையில் பிறந்தவள். அங்கே பாலில் ஊறவைத்த காரமிளகாய் இல்லாமல் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். கல்யாணமாகி வந்தபோது விதை கொண்டுவந்து ஓர் எண்ணெய் டின்னில் ஊன்றி வைத்திருந்தாள். விரல்நுனி அளவே இருக்கும் சிவப்பு மிளகாய். அந்தச் சந்தில் அதைத் தின்பவள் அவள் ஒருத்திதான்.

"மலைக்காரி" என்றாள் கிருசீத்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "என்னத்தைப் போட்டே?"

"நான் ஒண்ணும் போடலை, அக்கா."

"உன் டின்னுச் செடி மொட்டையா நிக்குதே. காலையில பார்த்தேன். நேத்து வரைக்கும் சிவப்பாத் தொங்கிச்சு."

"காயப் போட்டிருக்கேன். கூரை மேல தட்டுல இருக்கு, வந்து பாருங்க."

"தட்டுல இருக்கிறதைப் பார்க்கலாம். தட்டுல இல்லாததை எங்க போய்ப் பார்க்கிறது?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பில் வேடிக்கை இல்லை.

"என் மிளகாய் இத்தனூண்டு, அக்கா. போட்டிருந்தா மிதக்கும். அண்டாவைக் கிளறிப் பாருங்க."

"இடிச்சுப் போட்டா எப்படி மிதக்கும்?" என்றாள் சோய்லா. அவள் கத்தவில்லை. பன்றியை அறுத்த அன்று அழுதவள் அவள். இப்போது கண் வற்றி, அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுப் பிள்ளைங்க காலையிலிருந்து இந்த வாசனையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குங்கடி. அதுங்களுக்கு நான் என்ன சொல்றது?"

நொரைமா தன் மாமியாரைத் தேடினாள். எலாதியா கூட்டத்துக்குப் பின்னால், தன் வீட்டு வாசற்படியில் நின்றிருந்தாள். உயரமானவள், நிமிர்ந்து நிற்பவள். சந்தில் அவளுக்குத் தனி மரியாதை உண்டு. ஒவ்வொரு மழைக்கும் முன்னால் இனிப்பு மிளகாய் விதையை முளைக்க வைத்து, வெட்டிய பாட்டில்களில் நாற்றாக்கி எல்லா வீட்டுக்கும் கொடுப்பவள் அவள்தான். அவள் புருஷன் கடலோடு போய்விட்டான். மகன் வில்மர் வேலை தேடி நாட்டை விட்டு லிமாவுக்குப் போனான். நாற்றுக் கேட்டு வாசலுக்கு வருகிற பெண்கள் மட்டும்தான் அவளுக்கு மிச்சம்.

எலாதியா இறங்கி வந்து நொரைமாவின் காதருகே குனிந்தாள்.

"பண்டிகை முடிஞ்சதும் கப்பல் இருக்கு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு உன் மலைக்கே போயிடு."

"அத்தை, சத்தியமா நான்..."

"வில்மர் போன் பண்ணி எவ்வளவு நாளாச்சு? அவன் உன்னை வேணும்னு சொல்லியிருந்தா வேற விஷயம். நான் எதுக்கு உன்னால தெருவுல தலை குனியணும்?"

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.

மலையில் நொரைமாவுக்கு யாரும் இல்லை. அம்மா செத்துவிட்டாள். அண்ணன் வீட்டை கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு எல்லை தாண்டிப் போய்விட்டான். எங்கே என்று தெரியாது. எலாதியாவுக்கும் இது தெரியும். உள்ளே பாயில் நொரைமாவின் மகள் அரான்சா தூங்கிக்கொண்டிருந்தாள். கப்பலிலிருந்து இறங்கியதும் அந்தக் குழந்தையோடு எந்தப் பக்கம் திரும்பி நடப்பது என்று நொரைமா யோசித்துப் பார்த்தாள். ஒரு பக்கமும் தோன்றவில்லை.

அவள் எழுந்து வீட்டுக்குள் ஓடினாள். "அழப் போறா" என்று யாரோ சொன்னது முதுகில் விழுந்தது.

அழப் போகவில்லை. தான் போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் காரம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அண்டாவில் விழுந்த மிளகாய்கள் எல்லாம் கொல்லைகளிலிருந்து வந்தவை. அந்தச் செடிகள் இன்னும் கொல்லையில்தான் நிற்கின்றன.

எலாதியாவின் கொல்லையில் சுவரோரமாகச் செடிகள் வரிசையாக நின்றன. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பழைய தாய்ச்செடி. தண்டு மரம்போல் முற்றியிருந்தது. மற்றவையெல்லாம் அதன் விதையில் இந்த வருஷம் வந்தவை. நொரைமா தாய்ச்செடியில் ஒரு காயைப் பறித்துக் கடித்தாள். வாய் நிறைய வாசனை, இனிப்பு. அடுத்த செடிக்குப் போனாள். அதுவும் இனிப்பு. அடுத்ததும் இனிப்பு. ஒருவேளை நிஜமாகவே தன் கையிலிருந்துதான் ஏதாவது போயிருக்குமோ? காலையில் மிளகாய் பறித்த கையைக் கழுவினோமா? ஒரு கையில் ஒட்டிய காரம் அண்டா முழுக்கப் பரவுமா?

அதற்கடுத்த செடியின் காயைக் கடித்தாள். முதலில் அதே வாசனை, அதே இனிப்பு. விழுங்கப் போகும்போது தொண்டையின் அடியில் தீ பிடித்தது.

காரத்தில் வளர்ந்தவள் அவள். ஆனால் இது அவள் ஊர்க் காரம் அல்ல. அவளுடைய மிளகாய் நாக்கின் நுனியில் குத்திவிட்டு ஓடிவிடும். இது உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டு ஏறியது. காது சூடானது. செடியைப் பார்த்தாள். இலை, பூ, காய், காயின் மடிப்பு எல்லாம் பக்கத்துச் செடி மாதிரியேதான். கண்ணால் பிரிக்கவே முடியாது.

"என் செடியில என்னடி வேலை உனக்கு?"

எலாதியா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"அத்தை, இந்தச் செடிதான். இது காரம்."

"எது?"

"இது. நீங்களே கடிச்சுப் பாருங்க."

எலாதியா செடியைப் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை.

"என் கையால போட்ட விதை. எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து இந்த விதை இந்த வீட்டுல இருக்கு. ஒரு காய் காரமா வந்ததில்லை."

"இப்ப வந்திருக்கு. ஒரே ஒரு கடி, அத்தை."

"உன் விதையை இங்க ஊன்றி வெச்சிருப்பே."

"என் மிளகாய் இந்த மாதிரியா இருக்கும்? நீங்களே சொல்லுங்க!"

நொரைமா காயைப் பறித்து அவள் கையில் திணித்தாள். எலாதியா விரல்களை மடக்கவே இல்லை. காய் தரையில் விழுந்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. நொரைமாவுக்கு அப்போதுதான் விளங்கியது: இந்தச் செடி காரம் என்றால் எலாதியா கொடுத்த எந்த நாற்றையும் நம்ப முடியாது. கடித்துவிட்டால் அது தெரிந்துவிடும்.

ஒரு கணம் நொரைமா தயங்கினாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் மாமியாரின் பெயர் நிற்கும். தன் குழந்தை தெருவில் நிற்கும். இரண்டையும் காப்பாற்ற வழியில்லை.

அவள் சந்துக்கு ஓடினாள்.

"கிருசீத்தாக்கா, உங்க கொல்லைச் செடி எல்லாம் எங்க அத்தை கொடுத்த நாற்றுதானே?"

"பின்னே, உன் மலையிலிருந்தா வந்துச்சு?"

"போய் ஒவ்வொரு செடியிலயும் ஒரு காய் பறிச்சுக் கடிங்க. நான் உள்ள வரலை. நான் தொடவும் இல்லை. நீங்களே பறிங்க, நீங்களே கடிங்க."

"எதுக்குடி?"

"கடிங்கக்கா. கும்பிட்டுக் கேக்கிறேன்."

சந்தில் முழங்கால் போட்டுவிட்டாள். கிருசீத்தா அதை எதிர்பார்க்கவில்லை. "எழுந்திரு, எழுந்திரு, நான் என்ன கன்னி மாதாவா?" என்று முணுமுணுத்துக்கொண்டே தன் கொல்லைக்குப் போனாள். மற்றவர்கள் வேலிக்கு வெளியே கூடினார்கள்.

கிருசீத்தா முதல் செடியில் பறித்துக் கடித்தாள். மென்றாள். "கல்கண்டு" என்றாள். அடுத்த செடி. "இதுவும்தான்." நொரைமாவைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள். "போதுமா? இல்ல, வேலியையும் கடிச்சுப் பார்க்கணுமா?"

"இன்னும் இருக்குக்கா. எல்லாத்தையும் கடிங்க."

அதற்கடுத்த செடியும் இனிப்பு. நொரைமா வேலியைப் பிடித்துக்கொண்டாள். எலாதியாவின் கொல்லையில் ஒரே ஒரு செடிதான் அப்படி என்றால், அதைத் தான்தான் நட்டதாகச் சொல்லிவிடுவார்கள். கிருசீத்தா ஓரத்துச் செடிக்குப் போனாள். முந்தின சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே கடித்தாள். மென்றாள். நின்றாள்.

பிறகு அவள் குடத்தை நோக்கி ஓடினாள். குழாயில் தண்ணீர் வராத ஊர். குடத்து நீரைக் குடிக்க மட்டுமே தொடுவார்கள். கிருசீத்தா முகத்தையே அதற்குள் நுழைத்தாள். நிமிர்ந்தபோது மூக்கிலிருந்தும் வழிந்தது.

"இதேதான்" என்றாள். "குழம்புல இருந்தது இதேதான்."

சோய்லா கேட்டாள், "எலாதியாக்கா நாற்றுல எப்படிக் காரம் வரும்?"

கிருசீத்தா நாக்கை நீட்டியபடியே கையை உயர்த்தி, எலாதியாவின் கொல்லைச் சுவருக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த வீட்டைக் காட்டினாள். அங்கே ஒரு திரினிடாட்காரன் வாடகைக்கு இருந்தான். வின்ஸ்டன் என்று பெயர், ஹோட்டல் சமையல்காரன். அவன் கொல்லையிலும் பார்க்க இதே மாதிரி மிளகாய் இருந்தது. ஹோட்டலை மூடியதும் அவன் ஊருக்குப் போய்விட்டான். செடிகளும் தண்ணீரில்லாமல் காய்ந்துவிட்டன.

"அவன் செடியைப் பார்த்து, 'அட, நம்ம மிளகாய்'னு நான் சொன்னேன். 'தொடாதே அக்கா, செத்துடுவே'ன்னான். விளையாடுறான்னு நினைச்சேன்." கிருசீத்தா மறுபடி குடத்துக்குக் குனிந்தாள். "போன வருஷம் அங்கயும் பூ, இங்கயும் பூ. தேனீக்குச் சுவர் ஏது?"

அவரவர் தங்கள் கொல்லையில் நிற்கும் செடிகளை நினைத்துக்கொண்டார்கள் என்பது முகங்களில் தெரிந்தது. எல்லாம் ஒரே நாற்று. காயைப் பார்த்தாலும் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது. விதைக்கு எதை எடுப்பது, நாளைக்கு எதை நம்பிப் பறிப்பது?

எலாதியா தன் வாசற்படிக்கு வந்து நின்றிருந்தாள். கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. யாரும் திட்டவில்லை. சோய்லா மட்டும் "அக்கா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். எலாதியா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் விழும் சத்தம் கேட்டது.

நொரைமா சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்மேல் இருந்த பழி போய்விட்டது. போன இடம்தான் மோசம். தெருவே பார்க்கத் தலைகுனிய வைத்த மருமகளை எந்த மாமியார் வீட்டில் வைத்துக்கொள்வாள்? குழந்தை வேறு உள்ளே இருந்தது.

அண்டாவுக்கு வழி தேட மற்றவர்கள் திரும்பினார்கள். சோய்லா தன் வீட்டிலிருந்த உருளைக்கிழங்கை எல்லாம் கொண்டுவந்தாள். படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த வெல்லக் கட்டியும் வந்தது. கிருசீத்தா அதை அப்படியே அண்டாவில் போட்டாள். கிளறிப் பார்த்தார்கள். காரம் குறைந்தது, போகவில்லை.

"பிள்ளைங்க தின்னுமா?" என்று சோய்லா கேட்டாள்.

"மாவைத் தடிமனாத் தட்டு, குழம்பைக் கொஞ்சமா வை. அழுதுக்கிட்டே தின்னட்டும். கொட்டிட்டா பன்றி மறுபடி உயிரோட வந்து நிக்கப் போகுதா?" என்றாள் கிருசீத்தா. பிறகு நொரைமாவின் பக்கம் ஓர் இலையை நீட்டினாள். "இந்தா, துடை. சும்மா ஏன் நிக்கிறே?" முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நொரைமா இலையை வாங்கும்போது கொல்லைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. வெட்டும் சத்தம். இன்னொன்று. அவள் இலையைப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

எலாதியா அரிவாளோடு நின்றாள். வரிசையின் பாதி ஏற்கெனவே தரையில் கிடந்தது. பச்சை, மஞ்சள், சிவப்புக் காய்கள் மண்ணில் சிதறிக் கிடந்தன. அந்த வாசனை கொல்லை முழுக்க எழுந்து நின்றது. அவள் அழவில்லை, விறகு வெட்டுகிறவளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு, துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்ற தாய்ச்செடியை நோக்கி நடந்தாள்.

"அத்தை, அது வேண்டாம்!"

எலாதியா காதில் வாங்கவில்லை. அரிவாள் உயர்ந்தது. நொரைமா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இருவரும் தடுமாறிக் கல்லில் மோதினார்கள்.

"விடுடி. எல்லாம் போகட்டும். விஷத்தை வீடு வீடாக் கொடுத்திருக்கேன்."

"இது விஷமில்லை. இது இனிப்பு. நான் கடிச்சுப் பார்த்தேன்."

"நீ கடிச்சே! தீயைத் தின்னு வளர்ந்தவ நாக்கு. உனக்கு எது இனிப்பு, எது காரம்னு யார் நம்புவா?"

"நம்பாதீங்க. நீங்களே கடிங்க."

எலாதியாவின் கை அவள் பிடியில் விறைப்பாகவே இருந்தது. நொரைமா விடவில்லை. இன்னொரு கையால் தாய்ச்செடியில் ஒரு காயைப் பறித்தாள்.

"வெட்டணும்னா வெட்டுங்க. என்னைப் போகச் சொன்னா போறேன். ஆனா தெரிஞ்சுக்கிட்டு வெட்டுங்க. தேனீ கலக்கிறதுக்கு முன்ன முளைச்சது இது ஒண்ணுதான், அத்தை. இதையும் வெட்டிட்டா இந்தச் சந்துல நம்பி வளர்க்க ஒண்ணும் இல்லை."

வெகுநேரம் எலாதியா அந்தக் காயையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கசப்பு மருந்தை வாங்குகிற மாதிரி வாயைத் திறந்தாள். கடித்தாள். அடுத்த நொடிக்காக அவள் தோள்கள் இறுகிக் காத்திருந்தன. எதுவும் வரவில்லை. மெல்ல மென்றாள். விழுங்கிய பிறகும் காத்திருந்தாள். அரிவாளின் முனை மண்ணில் தாழ்ந்தது. அவள் துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

உள்ளே அரான்சா விழித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள். நொரைமா நகரவில்லை.

"இதுல இப்ப இருக்கிற காய் எதுவும் விதைக்கு ஆகாது" என்றாள் எலாதியா. "எந்தப் பூவுல எது வந்து உக்காந்துச்சோ. புது மொட்டு விடணும். விடும்போதே கொசுவலைத் துணியால கட்டணும். கட்டின காய்லதான் விதை எடுக்கணும்."

"சரி, அத்தை."

"அதுவரைக்கும் இது காயக்கூடாது. குழாயில தண்ணி எப்ப வரும்னு தெரியாது. பிள்ளையைக் குளிப்பாட்டுற தண்ணியை இங்கதான் ஊத்தணும். இந்தக் கல்லுமேல உக்கார வெச்சுக் குளிப்பாட்டு. தினமும்."

வாயைத் திறந்தால் எலாதியா அந்தத் 'தினமும்' என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவாளோ என்று நொரைமாவுக்குப் பயமாக இருந்தது.

எலாதியா எழுந்து, வெட்டாமல் மிச்சமிருந்த செடிகளைப் பார்த்தாள். வரிசையில் இன்னும் சில நின்றன.

"என்னால முடியாது" என்றாள், அவற்றின் பக்கம் முகத்தைக் காட்டி. "நீயே கடிச்சுச் சொல்லு."

நொரைமா முதல் செடியில் பறித்துக் கடித்தாள். இனிப்பு, தலையை ஆட்டினாள். அடுத்த செடியில் பறித்தாள். வாசனை வந்தது, இனிப்பு வந்தது. தொண்டைக்குள் இறங்கும்வரை காத்திருந்தாள். கண்ணில் நீர் கோத்தது.

"இதை வெட்டுங்க" என்றாள்.

எலாதியா அரிவாளை ஓங்கினாள்.